உப்புப் போட்டுப் பழகாத கை

என் அண்ணன் ஆஸ்பத்திரியில் சமையல்காரர். பெரிய கேன்டீனில் அல்ல. அதற்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டி நீளமாக ஓர் அறை இருக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்கள், இதயம் களைத்தவர்கள், ரத்தக் கொதிப்பு ஏறியவர்கள், இவர்களுக்கு மட்டும் அங்கே தனிச் சமையல். அந்த அறையில் உப்பு டப்பா கிடையாது. தேடினாலும் ஒரு கல் கிடைக்காது. இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் அங்கே உப்பில்லாமல் சமைக்கிறார். அதனால் டாக்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் அவருக்கு வைத்திருக்கிற பெயர் உப்பில்லா மாஸ்டர்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம், சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். அவர் பக்கமும் ஆவி, என் பக்கமும் ஆவி. காலை ஏழு மணிக்கு அவர் பெரிய பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறப்பார். இங்கே இயந்திரங்களைத் திறப்போம். இரண்டும் நடுக்கதவு வழியாகக் கலந்துவிட்டால் மனிதர்களுக்குத் தலை இருக்காது, இடுப்புக்குக் கீழேதான் தெரிவார்கள். அண்ணனை நான் அவருடைய ரப்பர் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அந்த ஒரு மணி நேரம் அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பேசத் தோன்றாது, அவ்வளவுதான்.

சாந்தமான மனிதர். எனக்கு நேர் எதிர். நான் வாயைத் திறந்தால் மூன்று மாடிக்குக் கேட்கும் என்பார்கள். ஒருமுறை ஒரு நோயாளியின் மகன், மீசையெல்லாம் நரைத்த ஆள், அப்பாவின் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டான். "நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று ஒரு கத்து. சுரணை இருக்கிறதா என்று கேட்கிறானாம். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லைங்க, நானும் இதையேதான் சாப்பிடுறேன்" என்றார். வந்தவன் பாவம், தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினான். கதவுக்கு இந்தப் பக்கம் நான் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் மதியம் தட்டுகள் திரும்பி வரும்போது நான் சிரிப்பதில்லை. வண்டி நிறைய வரும். அண்ணன் ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்ப்பார். பாதி அப்படியே இருக்கும், சிலதில் கையே பட்டிருக்காது. "அவங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு பாப்பா, என்ன செய்யிறது" என்பார். நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு, இன்னும் பாப்பாதான். காலியான தட்டு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது எந்த வார்டு, எந்தப் படுக்கை என்று விசாரித்துக்கொண்டு வருவார். பெரும்பாலும் பக்கத்தில் இருந்த உறவுக்காரர் பசியில் சாப்பிட்டதாக இருக்கும்.

அண்ணிக்கும் அவர்தான் அந்தச் சமையலைச் செய்தார். கல்யாணமான புதிதில் அண்ணி அவரைக் கேலி செய்துகொண்டே இருப்பாள்: "உங்க ஆஸ்பத்திரிக் கையை வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வாங்க." வீட்டில் அவள்தான் சமைத்தாள், நல்ல காரசாரமாக. அப்புறம் இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு அடுப்பு அண்ணன் கைக்கு வந்தது. நான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை, ஒருவருக்கு ஒருவர் என்று இருந்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அண்ணி போய்விட்டாள்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து ஆவி வந்தது.

ஆவி என்பது பூனை. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. ஒரு காலையில் சமையலறை ஆவி மூட்டத்துக்குள் எங்கிருந்தோ நுழைந்து அண்ணனின் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்ததாம். அங்கே வைத்துக்கொள்ள முடியாதே, மேலங்கிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆவியில் வந்ததால் ஆவி என்று பெயர். உலகத்தில் யாராவது இப்படி ஒரு பெயர் வைப்பார்களா? பெண்டாட்டி போன வீட்டில் ஒரு மனிதர் தனியாக இருந்துகொண்டு, "ஆவி, வா, சாப்பிடு… ஆவி, இங்க உட்காரு" என்று பேசினால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்னை வழிமறித்து, "உங்க அண்ணன் யாரோடம்மா பேசுறார்? எனக்குக் கை காலெல்லாம் உதறுது" என்றாள். நான் அவளை மேலே கூட்டிப்போய்ப் பூனையைக் காட்டினேன். பார்த்த பிறகும் அவள் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். மூன்றாவது மாடி வீடு அது, மேற்குப் பார்த்த ஜன்னல். மாலை வெயில் தரையில் நீளமாக விழுந்து, மெதுவாக நகர்ந்து, சுவரில் ஏறும். அந்த வெயிலோடு பூனையும் நகரும். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போனால் வா என்பார், உட்கார் என்பார், பிறகு ஒன்றும் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நானும் எதற்கு வந்தேன் என்பதை மறந்துவிடுவேன். கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடக் கவனிக்கத் தோன்றாது.

சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் அவருக்கு உயிர் வரும். அலமாரியைத் திறப்பார். உள்ளே பார்த்தால் எனக்கு மயக்கம் வரும்: உப்புநீரில் ஊறிய டின் மீன், சீஸ் துண்டுகள், சிப்ஸ் பொட்டலம், சூப் கட்டிகள், உப்புத் தூவிய பிஸ்கட். அவருடைய சாப்பாடு மட்டும் பழையபடி சப்பென்று ஒரு மூலையில் இருக்கும். பூனைக்குத்தான் இத்தனையும். டின் மீனை வைத்து, அந்த உப்புநீரையும் மேலே ஊற்றி, ஒரு சீஸ் துண்டைப் பிய்த்துப் போட்டுக் கீழே வைப்பார். ஆவி தட்டைப் பளபளவென்று நக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அண்ணன் அந்தத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். "பாரு பாப்பா, ஒரு துளி மிச்சமில்லை."

"அண்ணே, பூனைக்கு இவ்வளவு உப்பு ஆகுமா?"

"கேட்குது, குடுக்கிறேன்."

"அது தட்டைத்தான் பார்க்குது. கேட்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவு அழுத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே உப்பை நிறுத்தியவர், ஒரு பூனைக்குப் போய் இப்படி அள்ளிக் கொடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு, போகட்டும், உப்புப் பெறாத விஷயம், இதற்காக அவர் மனசை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் இந்தக் கோளாறுதான். தேவையில்லாத இடத்தில் திறக்கும், தேவையான இடத்தில் மூடிக்கொள்ளும்.

சில மாதமாகப் பூனை நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தது. கிண்ணத்தைக் காலி செய்யும், குளியலறையில் வாளி ஓரத்தை நக்கும். மணல் தட்டு ஒரே நாளில் ஈரமாகிக் கட்டி கட்டியாகிவிடும். அண்ணனுக்கு அதில் சந்தோஷம். வார்டில் யாராவது நன்றாகத் தண்ணீர் குடித்து நன்றாக வெளியே போனால் நர்ஸுகள் கைதட்டாத குறைதானே. "நல்லா தண்ணி குடிக்குது, உடம்பு தேறுது" என்பார். அது தாகம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு இரட்டை வேலை. காலையில் ஒரு முழு டின் மீனை உப்புநீரோடு வைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர்க் கிண்ணம் எப்போது கவிழ்ந்ததோ தெரியாது. பூனை பகல் முழுக்க உப்பைத் தின்றுவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறது. அவர் வந்து பார்த்தபோது இரண்டு இடத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு.

ஆஸ்பத்திரிக்காரர் அல்லவா! வாந்தி, பேதி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே குழந்தைகள் வார்டுச் சுவரிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். அண்ணன் கலக்கினார், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகப் புகட்டினார். சனிக்கிழமை காலை வரைக்கும் விட்டு விட்டுப் புகட்டியிருக்கிறார்.

எனக்கு அன்று விடுமுறை. எட்டு மணிக்கு நான் போனபோது வீடு முழுக்க வெள்ளையான வெளிச்சம்; வெளியே மூடுபனி ஜன்னலை ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த வெளிச்சத்தில் ஆவி நடந்துகொண்டிருந்தது. நான்கு அடி வைக்கும், ஒரு பக்கமாகச் சாயும், சுவரில் மோதும், மறுபடி நடக்கும். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் முழங்காலில் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார், கையில் சிரிஞ்ச்.

"என்னண்ணே இது?"

"வயித்துப்போக்கு பாப்பா. தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கேன், நிக்கலை. இன்னும் மோசமாகுது."

மேஜையில் அவர் கலக்கி வைத்த தண்ணீர்த் தம்ளர் இருந்தது. எதற்காக அதில் விரலை விட்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அடுப்படியில் நுழைந்தால் உப்புப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். நாக்கில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. துப்பினேன். கடல் தண்ணீர் தோற்றது போங்கள், அப்படிக் கரித்தது.

"எவ்வளவு உப்புப் போட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

அவர் கரண்டியைக் காட்டினார். சாப்பாட்டுக் கரண்டி. இந்தச் சின்னத் தம்ளருக்கு இரண்டு கரண்டி. "கூடவா போச்சு?" என்று என்னைக் கேட்டார். கண்ணில் அப்படி ஒரு கலவரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கைக்கு உப்பின் அளவே தெரியாது. ஐந்நூறு பேருக்கு எண்ணெய் சொல்லும், அரிசி சொல்லும், கண்ணை மூடிக்கொண்டு. உப்புக்கு ஒரு சிட்டிகை என்றால் எவ்வளவு என்று அந்தக் கை ஒருநாளும் பழகவில்லை.

"ஐயோ, உப்பைத் தின்னு படுத்திருக்கிற ஜீவனுக்கு உப்பையே மருந்தாக் குடுத்திருக்கீங்களேண்ணே!" என்று நான் கத்தியது கீழ்வீடு வரை கேட்டிருக்கும். கேட்டது, தையல்காரம்மா துணிக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பூனையை அதில் போட்டு மூடி, இரண்டு தெரு தள்ளி இருக்கிற மிருக டாக்டரிடம் போனோம். பனியில் எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்தால்தான் தெரிந்தது. அண்ணன் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். உள்ளே அது உதறுவது கூடை வழியாக அவர் கையில் தெரிந்துகொண்டிருந்தது.

மிருக டாக்டர் ஒரு பெண், கட்டையான குரல். பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "பேரு?" என்றாள்.

"ஆவி" என்றார் அண்ணன்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அது போகாம இருக்கத்தானே வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுதினாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தாள். என்னவெல்லாம் கொடுத்தார் என்று கேட்டாள். அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. டின் மீன், உப்புநீர், சீஸ், சிப்ஸ், சூப், கடைசியில் அந்தத் தம்ளர், எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "இத்தனூண்டு உடம்புங்க இது. நமக்கு ஒரு வாய் சிப்ஸ், அதுக்கு ஒரு நாள் உப்பு. அதுமேல தண்ணியும் இல்லை. ரத்தத்துல உப்பு ஏறி மூளை வரைக்கும் போயிருக்கு, அதான் உதறுது" என்றாள்.

"அப்ப நிறையத் தண்ணி ஏத்துங்க டாக்டர்" என்றேன் நான்.

"அதான் கூடாது. ஒரேயடியா தண்ணி விட்டா மூளை வீங்கிப் போயிடும். ஏறின உப்பைச் சொட்டுச் சொட்டாத்தான் இறக்கணும். ரெண்டு நாள் ஆகும். பிழைச்சா பிழைச்சதுதான், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

பிறகு காத்திருப்பு. அந்த நாளைப் பற்றி என்ன சொல்வது? ஒரு சின்ன அறை, பச்சைச் சுவர், ஒரு பெஞ்சு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கூண்டில் ஆவி ஒருக்களித்துக் கிடந்தது. காலில் மெல்லிய குழாய். மேலே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு விழுமா என்று நாம் சந்தேகப்பட்ட பிறகுதான் அது விழும். பனி விலகி வெயில் வந்தது, தரையில் நீண்டது, பெஞ்சுக் காலில் ஏறியது. நடுவில் நான் தூங்கினேனா என்றுகூடத் தெரியவில்லை. விழித்துக்கொண்டே கனவு கண்ட மாதிரி, வெள்ளை விரிப்புகளும் சொட்டும் அண்ணியின் முகமும் மாறி மாறி வந்தன. யாரோ ஒருவர் நாயோடு வந்து போனார். அவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது நினைவில்லை.

மத்தியானம் இருக்கும். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியாது பாப்பா. கடைசி வாரம் உங்க அண்ணி என்கிட்ட உப்புக் கேட்டா."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அவிச்ச முட்டை குடுத்தேன். 'ஒரே ஒரு சிட்டிகை, மேல தூவிக் குடுங்க, நாக்குல உப்பு பட்டு நாலு வருஷமாச்சு'ன்னா. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. நான் குடுக்கலை. 'ஆகாதும்மா'ன்னு சொன்னேன். வார்டுல சொல்ற மாதிரியே சொன்னேன். அவ முட்டையைத் தள்ளி வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கு நாலாம் நாள் போயிட்டா." கொஞ்ச நேரம் ஒரு சொட்டைப் பார்த்தார். "நாலு நாள்ல போறவளுக்கு ஒரு சிட்டிகை உப்புக் குடுக்காத கை இது. அப்புறம் இந்தப் பூனை வந்து என் கையையே பார்த்துச்சு. எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் துக்கத்துக்காக மட்டும் அல்ல. சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன? அண்ணி என்னிடமும் கேட்டாள். நான் கொடுத்தேன்.

அண்ணன் மறுத்ததற்கு மறுநாள் அது. நான் துணி மாற்றிவிடப் போயிருந்தேன். "பாப்பா, உன் பையில ஏதாவது உப்பா இருக்கா?" என்று குசுகுசுவென்று கேட்டாள், திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு. வேலைக்கு எடுத்துப் போகிற பிஸ்கட் பொட்டலம் இருந்தது, மேலே உப்புத் தூவியது. ஒன்று, ஒரே ஒன்று கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். மாதக் கணக்காக எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சொன்னால் என்ன? என் காதில் அது ஏறவில்லை. என் பிஸ்கட்தான் கொன்றது என்று நினைத்தேன். அண்ணனுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று பயந்தேன். ஊரையே வாயால் மிரட்டுகிறவள் மூன்று வருஷம் இதை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெஞ்சிலும் என் வாய் திறக்கவில்லை. எழுந்து உள்ளே போனேன். டாக்டர் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு உப்பு பிஸ்கட்ல யாராவது சாவாங்களா?"

"ஒரு பிஸ்கட்ல ஒண்ணும் ஆகாதும்மா. நாள்தவறாம குடுத்ததுதான் இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கு."

"இதய நோய் இருந்தா?"

"இந்தப் பூனைக்கா?"

"இல்லை… மனுஷங்களுக்கு."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் பூனை டாக்டர்மா" என்றாள். அப்புறம் என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு பிஸ்கட்தானே? இருக்காதும்மா" என்றாள். நான் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேவிக் கேவி அழுதேன். பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என் தோளைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை உதறல் நின்றது. திங்கள் காலையில் ஆவி தலையைத் தூக்கிக் குழாயைக் கடிக்கப் பார்த்தது. "பிழைச்சுக்கிச்சு" என்றாள் டாக்டர். அண்ணன் கும்பிட்டார், டாக்டரையா, பூனையையா தெரியவில்லை. அவள் ஒரு தாளை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "சிறுநீரகம் அடி வாங்கியிருக்கு. இனிமே டின் மீன், சீஸ், சிப்ஸ், சூப்பு, நாம சாப்பிடுற எதுவும் கிடையாது. பூனைக்குன்னு விக்கிற சாப்பாடு, நான் எழுதித் தர்றது. ரெண்டு இடத்துல தண்ணி வெக்கணும், கவிழாத கிண்ணத்துல. ஆசைக்கு வேணும்னா கொஞ்சம் கோழி, தண்ணியில வேக வெச்சு. அதுல உப்பு துளிக்கூட இருக்கக்கூடாது." பிறகு அண்ணனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "உப்பில்லாம சமைக்கத் தெரிஞ்சவங்க யாராவது வீட்டுல இருக்காங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "இருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"அது உப்புக்காகச் சாப்பிடலைங்க" என்றாள் டாக்டர், தாளை மடித்துக்கொண்டே. "மீன் வாசனை, கொழுப்பு, அதுக்குத்தான் வந்திருக்கும். பூனைங்க நம்மள மாதிரி உப்புக்கு ஏங்காது."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அலமாரியைக் காலி செய்தார். ஒரு துண்டுக் கோழியை வேக வைத்தார், ஆறவைத்தார், நார் நாராகப் பிய்த்தார். அந்த வேலையில் அவர் விரல்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்று நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஆவி முகர்ந்து பார்த்தது. சாப்பிட்டது. அவசரப்படாமல், கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் சாப்பிட்டது. ஜன்னலில் மாலை வெயில் வந்திருந்தது.

அண்ணன் பூனையை எடுத்துக் கூடையில் வைத்தார். மருந்தையும் தாளையும் மேலே வைத்தார். கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ கொண்டு போ பாப்பா. உன்கிட்டயே இருக்கட்டும்."

"என்னண்ணே பேசுறீங்க?"

"குடுக்க வேண்டியவளுக்குக் குடுக்கலை. குடுக்கக் கூடாததுக்குக் குடுத்துக் கொல்லப் பார்த்தேன். இந்தக் கையை நம்பி எந்த உயிரும் இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலயும் சொல்லிடப்போறேன், வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி."

அவர் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. மூன்று நாளாக என் தொண்டையில் நின்றது, மூன்று நாளா, மூன்று வருஷமாக நின்றது, தானாகவே வெளியே வந்துவிட்டது.

"நான் குடுத்தேண்ணே."

"என்ன?"

"அண்ணிக்கு. நீங்க மாட்டேன்னதுக்கு மறுநாள். என்கிட்ட கேட்டா. பையில பிஸ்கட் இருந்துச்சு. குடுத்தேன். என்னாலதான் போயிட்டாளோன்னு பயந்துக்கிட்டு உங்ககிட்ட சொல்லலை. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அடிங்க, இனிமே வராதேன்னு சொல்லுங்க. ஆனா அவ உப்பில்லாம போகலைண்ணே."

அவர் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே எங்கோ ஒரு வண்டி நின்று, மறுபடி கிளம்பிப் போயிற்று.

"சாப்பிட்டாளா?" என்றார்.

"சாப்பிட்டா."

"முழுசாவா?"

"முழுசா. முதல்ல மேல இருந்த உப்பை மட்டும் நாக்கால எடுத்தா, சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சா. கண்ணை மூடிக்கிட்டா. விரல்ல ஒட்டினதையும் விடலை."

"ஏதாவது சொன்னாளா?"

"'உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத பாப்பா'ன்னு சொன்னா. 'பாவம், என்னைப் பிழைக்க வெச்சிடலாம்னு மனுஷன் ஒத்தைக் காலில நிக்கிறார்'னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அண்ணி போன நாளில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சத்தம் போட்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடை அசைந்தது. ஆவி மூடியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவர் மடியில் ஏறியது. அவர் அதன் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"மூணு வருஷம் பாப்பா" என்றார் கடைசியில். "மூணு வருஷம் ஏண்டி சொல்லாம இருந்தே?"

"பயமா இருந்துச்சுண்ணே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். "முதல்லேருந்து சொல்லு. உன் பையில பிஸ்கட் இருந்துச்சு… அங்கேருந்து."

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.